ஏடிஹெச்டி குழந்தைக்கு மருந்துக்குப் பதில் சத்து மாத்திரையா? தொடங்கும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

குழந்தைக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் காட்டும் நிலை) என்று மருத்துவர் சொன்ன அன்றிரவே பெற்றோர் தேடத் தொடங்குவது "மருந்தில்லாமல் சமாளிக்க முடியுமா" என்பதைத்தான். தேடி முடித்ததும் ஒமேகா-3 பாட்டில் ஒன்று, துத்தநாகம் ஒன்று, மெக்னீசியம் ஒன்று, பழ ருசியில் மெல்லும் விட்டமின் டப்பா ஒன்று என்று வீட்டுக்கு வந்து சேர்கின்றன. நாலையும் ஒரே நாளில் ஆரம்பிக்கிறார்கள். மூன்றாவது வாரம் "கொஞ்சம் பரவாயில்லை" என்று தோன்றுகிறது. ஆறாவது வாரம் பள்ளியிலிருந்து மறுபடி அழைப்பு வந்ததும் எல்லாம் அலமாரிக்குப் போய்விடுகிறது. எது உதவியது, எது உதவவில்லை, வயிற்றுப்போக்கு எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

கோளாறு பெரும்பாலும் வரிசையில்தான். கடைசியில் வாங்க வேண்டிய பாட்டிலை முதலில் வாங்கிவிடுகிறார்கள். கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்யுங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்குத் தேவையான தகவலைத் தரும்.

1. எதிர்பார்ப்பை எண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு சிகிச்சை எவ்வளவு உதவுகிறது என்பதை ஆய்வாளர்கள் "விளைவு அளவு" என்ற எண்ணால் சொல்வார்கள். 0.2 என்றால் சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது. ஏடிஹெச்டிக்கு வழக்கமாகத் தரும் மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெடமைன் வகை மருந்துகள் குறுகிய காலத்தில் 0.8 முதல் 1 வரை காட்டுகின்றன.

சத்து மாத்திரைகளில் அதிகம் ஆராயப்பட்டது ஒமேகா-3. 2011இல் 10 ஆய்வுகளை, அதாவது 699 குழந்தைகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த எண் 0.31. 2013இல் வந்த இன்னொரு தொகுப்பு, குழந்தைக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று தெரியாதவர்கள் போட்ட மதிப்பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டது. எண் 0.16 ஆக இறங்கியது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் புதுப்பித்த தொகுப்பிலும், பெற்றோர் போட்ட மொத்த அறிகுறி மதிப்பெண்ணில் வெற்று மாத்திரைக்கும் (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், சத்தில்லாத மாத்திரை) இதற்கும் வித்தியாசமில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, குழந்தைகளின் ஏடிஹெச்டி சிகிச்சைக்குக் கொழுப்பு அமில மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே மருத்துவர்களிடம் சொல்கிறது.

ஆகவே "மருந்துக்குப் பதில்" என்ற சொல்லை இங்கேயே கீழே வைத்துவிடுவது நல்லது. சத்து மாத்திரைக்கு நியாயமான இடம் இரண்டு. ஒன்று, ரத்தத்தில் உண்மையிலேயே குறைந்திருக்கும் சத்தை நிரப்புவது. மற்றொன்று, அறிகுறி லேசாக இருக்கும் குழந்தைக்கு, மற்ற உதவிகளோடு சேர்த்து, காலக்கெடு போட்டுச் செய்யும் சோதனை.

மருந்து வேண்டாம் என்பதே உங்கள் நோக்கமானால், பணத்தையும் நேரத்தையும் முதலில் போட வேண்டிய இடம் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டி, 4 வயது முடிந்து 6 வயது நிறையாத குழந்தைகளுக்கு முதல் சிகிச்சையாக அதைத்தான் சொல்கிறது. 6 வயதுக்கு மேல் மருந்தும் பயிற்சியும் சேர்ந்து. மாத்திரைச் சோதனை நடக்கும் மாதங்களிலும் இந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் சோதனையின் நடுவே புதிதாகத் தொடங்காதீர்கள். தொடங்கினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

2. இது ஏடிஹெச்டிதானா என்று உறுதிசெய்யுங்கள்

மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டின் அளவுகோல்படி, கவனக்குறைவு அல்லது மிகைத்துடிப்பு அறிகுறிகள் ஒன்பதில் குறைந்தது ஆறு, ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது இருக்க வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது ஒரே ஒரு ஆசிரியரின் வகுப்பில் மட்டும் வரும் தொல்லை வேறு ஏதாவதாக இருக்கலாம்.

ஏடிஹெச்டி போலவே தோன்றும் சில விஷயங்களை மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்: காது மந்தம், பார்வைக் குறைவு, தைராய்டு, ஈய நச்சு, கற்றல் குறைபாடு. சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, நடந்தது தெரியாமல் வேலையைத் தொடரும் குழந்தைக்கு வலிப்பு வகை ஒன்று இருக்கக்கூடும். தினமும் குறட்டை விட்டு, வாயால் மூச்சு விடும் குழந்தையின் "கவனக்குறைவு" தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதால் வந்ததாக இருக்கலாம். இவற்றில் எதற்கும் மீன் எண்ணெய் மருந்தல்ல. மூன்று மாதம் வீணாவதுதான் மிச்சம்.

3. மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை

கேட்க வேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், அதோடு சிஆர்பி (தொற்றோ அழற்சியோ இருந்தால் ஏறும் எண்), 25-ஹைட்ராக்ஸி விட்டமின் டி. சாப்பாட்டில் மிகவும் பிடிவாதம் உள்ள குழந்தைக்கும் வளர்ச்சி குறைந்த குழந்தைக்கும் துத்தநாகத்தையும் சேர்க்கச் சொல்லலாம். மெக்னீசியத்துக்கு ரத்தப் பரிசோதனை அவ்வளவாக உதவாது. உடலின் மெக்னீசியத்தில் பெரும்பகுதி எலும்பிலும் செல்லுக்குள்ளும் இருக்கிறது, ரத்தத்தில் சுற்றுவது மிகக் கொஞ்சம்.

பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஃபெரிட்டின். "ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது, இரும்புக் குறைவு இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். ஹீமோகுளோபின் இறங்குவது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே உடலின் இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கும், அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். மூளையில் டோபமைன் தயாராவதற்கு இரும்பு வேண்டும் என்பதால்தான் இந்த எண்ணுக்கு இங்கே இவ்வளவு முக்கியத்துவம்.

ஃபெரிட்டினில் ஒரு பொறி உண்டு. காய்ச்சல், சளி, எந்தத் தொற்று வந்தாலும் அது பொய்யாக ஏறிக்கொள்ளும். உண்மையில் 12 (நானோகிராம்/மி.லி.) இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வாரத்தில் 45 என்று வரலாம். அதனால்தான் சிஆர்பியையும் கூடவே பார்ப்பது. குழந்தை நலமாகி இரண்டு மூன்று வாரம் கழித்து ரத்தம் கொடுங்கள்.

5 வயதுக்கு மேல் ஃபெரிட்டின் 15க்குக் கீழ் என்றால் குறைவு என்பது உலக சுகாதார அமைப்பின் எல்லை. 5 வயதுக்குள் 12. ஏடிஹெச்டி ஆய்வுகள் பெரும்பாலும் 30ஐ எல்லையாக வைத்தன. இரவில் கால் நிலைகொள்ளாமல் உதைத்துக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு, ஃபெரிட்டின் 50க்குக் கீழ் இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பது அந்தத் துறை நிபுணர்களின் பரிந்துரை. அறிக்கையில் "இயல்பு" என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து மூடிவைக்காமல் எண்ணைப் பாருங்கள்.

4. இரண்டு வாரம் எதையும் கொடுக்காமல் அளந்துகொள்ளுங்கள்

பெரும்பாலோர் தாண்டிவிடும் படி இது. இதில்லாமல் பின்னால் வரும் எதற்கும் அர்த்தமில்லை.

வீட்டிலும் பள்ளியிலும் நிரப்ப ஒரே மதிப்பெண் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்என்ஏபி-4, வேண்டர்பில்ட் இரண்டும் எளிதில் கிடைக்கும். எஸ்என்ஏபி-4 தாளில் கவனக்குறைவுக்கு 9 கேள்விகள், மிகைத்துடிப்புக்கு 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் கூட்டுங்கள். அதிகபட்சம் 27. வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், ஒரே ஆள் நிரப்ப வேண்டும். ஒரு வாரம் அம்மா, மறு வாரம் அப்பா என்று மாற்றினால் நீங்கள் அளப்பது குழந்தையை அல்ல, அம்மா அப்பாவின் பொறுமை வித்தியாசத்தை.

தாளோடு, எண்ணக்கூடிய மூன்று நடத்தைகளையும் குறியுங்கள். "அடங்குவதில்லை" என்பதை எண்ண முடியாது. எண்ணக்கூடியவை இப்படி இருக்கும்: வீட்டுப்பாடம் முடிக்க எத்தனை நிமிடம், காலையில் செருப்புப் போடும்வரை எத்தனை முறை நினைவூட்ட வேண்டியிருந்தது, வாரத்தில் எத்தனை பொருள் பள்ளியில் தொலைந்தது. தூங்கிய நேரத்தையும் சாப்பாட்டின் அளவையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள்.

ஆசிரியரிடம் தாளைக் கொடுங்கள், ஆனால் என்ன கொடுக்கப்போகிறீர்கள், எப்போது தொடங்கப்போகிறீர்கள் என்று சொல்லாதீர்கள். எதிர்பார்ப்பு கண்ணையே மாற்றிவிடும். 1994இல் வெளியான ஓர் ஆய்வில் 5 முதல் 7 வயதுள்ள சிறுவர்களின் தாய்மாரில் ஒரு பாதியிடம் "பிள்ளைக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். உண்மையில் ஒரு பிள்ளைக்கும் சர்க்கரை கொடுக்கவில்லை. இருந்தும் அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளை கூடுதலாகத் துடித்தது என்று மதிப்பெண் போட்டார்கள், அதட்டியதும் அதிகம். பள்ளி ஆசிரியரின் அறியாமைதான் உங்களிடம் உள்ள ஒரே நடுநிலை அளவுகோல்.

நேரமும் முக்கியம். பள்ளி திறந்த முதல் வாரம், தேர்வு மாதம், நீண்ட விடுமுறை, வீடு மாறும் சமயம் எதிலும் தொடங்காதீர்கள். விடுமுறை தொடங்கிய மறுநாள் கொடுக்கும் எந்த மாத்திரையும் அற்புதமாக வேலை செய்வதுபோல் தெரியும்.

5. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ரத்தப் பரிசோதனை ஒரு குறைவைக் காட்டினால் அதுதான் முதல் சோதனை. இரும்பு, விட்டமின் டி இரண்டும் குறைந்திருந்தால் இரண்டையும் நிரப்பத்தான் வேண்டும். அது சோதனை அல்ல, சிகிச்சை. அது முடியும்வரை ஒமேகா-3க்குப் போகாதீர்கள். எந்தக் குறைவும் இல்லையென்றால் ஒமேகா-3 மட்டும். மற்றவை அதற்குப் பிறகுதான், பெரும்பாலும் தேவையே இருக்காது.

6. இரும்பு: எண்ணைப் பார்த்து, மருத்துவர் கையால்

ஃபெரிட்டின் 30க்குக் கீழ் இருந்த 23 குழந்தைகளிடம் 2008இல் ஒரு சிறு ஆய்வு நடந்தது. தினம் 80 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட், 12 வாரம். ஒரு மதிப்பெண் தாளில் முன்னேற்றம் தெரிந்தது, பெற்றோர், ஆசிரியர் நிரப்பிய வேறு தாள்களில் தெளிவாகத் தெரியவில்லை. குறைவுள்ள குழந்தைக்கே இவ்வளவுதான் என்றால், குறைவில்லாத குழந்தைக்கு இரும்பு கொடுப்பதில் காரணமே இல்லை. தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு குடும்பத்தில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், இரும்பு உடலில் தேங்கிவிடும்.

டப்பாவில் எழுதியுள்ள எடையும் உண்மையான இரும்பின் எடையும் வேறு. ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி. மாத்திரையில் இரும்பு 65 மி.கி.தான். ஃபெரஸ் ஃபூமரேட்டில் எடையில் மூன்றில் ஒரு பங்கு, ஃபெரஸ் குளுக்கோனேட்டில் சுமார் 12 சதவீதம். குறைவைச் சரிசெய்ய மருத்துவர்கள் வழக்கமாகக் கணக்கிடுவது உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மி.கி. தனி இரும்பு. உப்பின் எடையை இரும்பின் எடையாக எண்ணி, தேவையில் ஒரு சிறு பங்கு மட்டும் கொடுத்துவிட்டு "பலன் இல்லை" என்பவர்கள் உண்டு. தலைகீழாகச் செய்துவிடுவது ஆபத்து.

எவ்வளவு ஆபத்து என்பதை 20 கிலோ குழந்தையை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 20 மி.கி. தனி இரும்பிலிருந்தே நச்சு அறிகுறி தொடங்கலாம். அதாவது 400 மி.கி., 65 மி.கி. இரும்புள்ள மாத்திரை ஆறு ஏழு. கிலோவுக்கு 60 மி.கி.யைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், பிறகு சில மணி நேரம் குழந்தை தேறிவிட்டதுபோலத் தெரியும், அதன்பின் திடீரென நிலை சரியும். அந்த இடைவெளியை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. நினைத்ததைச் செய்துவிடும் சுபாவம்தான் ஏடிஹெச்டி என்பதை மறக்க வேண்டாம். பாட்டில் பூட்டின உயர அலமாரியில் இருக்கட்டும், வீட்டில் வேறு சின்னக் குழந்தை இருந்தால் இன்னும் கண்டிப்பாக.

கொடுக்கும் முறை: பாலோ தேநீரோ கூட வேண்டாம், உறிஞ்சுதலைக் குறைக்கும். விட்டமின் சி உள்ள பழச்சாறு உதவும். திரவ இரும்பு பல்லைக் கறுக்கச் செய்யும். உறிஞ்சுகுழலால் குடிக்கவைத்து வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போவது எதிர்பார்த்ததே. மலச்சிக்கல் வந்தால் நிறுத்தாமல் மருத்துவரிடம் வேறு வகை கேளுங்கள். மூன்று மாதத்தில் ஃபெரிட்டினை மறுபடி பாருங்கள். சேமிப்பு நிரம்பியதும் நிறுத்துவதும் இந்தப் படியின் பகுதிதான்.

7. ஒமேகா-3: முன்பக்கத்தை நம்பாமல் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் பெரிதாக "மீன் எண்ணெய் 1000 மி.கி." என்றிருக்கும். உங்களுக்கு வேண்டியது அது அல்ல. பின்பக்க அட்டவணையில் இபிஏ, டிஹெச்ஏ என்று இரண்டு வரிகள் இருக்கும், இரண்டும் ஒமேகா-3இன் வகைகள். சாதாரண 1000 மி.கி. மாத்திரையில் இபிஏ 180, டிஹெச்ஏ 120. மீதி 700 மி.கி. வேறு கொழுப்பு.

பலன் ஓரளவு தெரிந்த ஆய்வுகளில் பலவும் நாளுக்கு 500 மி.கி. அல்லது அதற்கு மேல் இபிஏ கொடுத்தவை. அப்படியானால் சாதாரண மாத்திரை மூன்று: இபிஏ 540, டிஹெச்ஏ 360. ஒரே ஒரு மாத்திரையை மூன்று மாதம் கொடுத்துவிட்டுக் கைவிடுபவர்கள் சோதித்தது மூன்றில் ஒரு பங்கைத்தான். செறிவூட்டிய வகை வாங்கினால் ஒன்றிரண்டு போதும். அட்டவணையின் மேல்வரியையும் பாருங்கள். சில டப்பாக்களில் எண்கள் "இரண்டு மாத்திரைக்கு" என்று இருக்கும், ஒன்றுக்கல்ல.

2019இல் வெளியான ஓர் ஆய்வில் 92 குழந்தைகளுக்கு 12 வாரம், தினம் 1.2 கிராம் இபிஏ கொடுத்தார்கள். தொடக்கத்தில் ரத்தத்தில் இபிஏ மிகக் குறைவாக இருந்தவர்களிடம் கவனம் மேம்பட்டது. ஏற்கெனவே நிறைய இருந்தவர்களிடம் அப்படியில்லை. மீன் வாரம் சில முறை சாப்பிடும் குழந்தையிடம் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

வாங்கும்போது வரும் மூன்று தவறுகள். முதலாவது, காட் ஈரல் எண்ணெயை மீன் எண்ணெய் என்று நினைத்து வாங்குவது. அதில் விட்டமின் ஏ உண்டு. இபிஏ கணக்குக்காக அளவைக் கூட்டினால் விட்டமின் ஏ எல்லை மீறிவிடும், 4 முதல் 8 வயதுக்கு அந்த எல்லை நாளுக்கு 900 மைக்ரோகிராம்தான். இரண்டாவது, ஆளிவிதை எண்ணெய். அதில் உள்ள ஒமேகா-3 வேறு வகை, உடலுக்குள் இபிஏவாக மாறுவது மிகச் சொற்பம். அசைவம் வேண்டாதவர்களுக்குக் கடற்பாசி எண்ணெய் உண்டு, ஆனால் பெரும்பாலானவற்றில் டிஹெச்ஏ அதிகம், இபிஏ குறைவு. இபிஏ எண் தனியாக எழுதியிருக்கும் வகையைத் தேடுங்கள். மூன்றாவது, கெட்டுப்போன எண்ணெய். பாட்டில் திறந்த அன்று ஒரு மாத்திரையை வெட்டி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை சரி, பழைய பெயின்ட் போலக் காரமாக மூக்கில் ஏறினால் திருப்பிக் கொடுங்கள். எலுமிச்சை வாசனை சேர்த்தவற்றில் இந்தச் சோதனை ஏமாற்றும்.

சாப்பாட்டின் நடுவே கொடுங்கள். கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சும், மீன் ஏப்பமும் குறையும். விழுங்கத் தெரியாத குழந்தைக்குத் திரவ வகை. முதல் வாரம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஏற்றுங்கள். மீன் ஒவ்வாமை இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மருந்து எடுத்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

8. துத்தநாகம், மெக்னீசியம், விட்டமின் டி

துத்தநாகத்தில் முடிவுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. 2004இல் துருக்கியில் 400 பேரிடம், தினம் 40 மி.கி. தனித் துத்தநாகம் கொடுத்து 12 வாரம் நடந்த ஆய்வு மிகைத்துடிப்பில் பலன் கண்டது. 2011இல் அமெரிக்காவில் 15 முதல் 30 மி.கி. கொடுத்துப் பார்த்தபோது நடத்தையில் மாற்றமில்லை. அந்த 40 மி.கி.யைப் படித்துவிட்டு வீட்டில் அப்படியே கொடுக்காதீர்கள். பாதுகாப்பான உச்ச அளவு 4 முதல் 8 வயதுக்கு 12 மி.கி., 9 முதல் 13 வயதுக்கு 23 மி.கி. இதற்கு மேல் மாதக்கணக்கில் போனால் செம்பு குறைந்து ரத்தசோகையே வரலாம். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும்.

மெக்னீசியத்துக்கு நல்ல ஆய்வு குறைவு. மாத்திரையாகக் கொடுக்கக்கூடிய உச்சம் 4 முதல் 8 வயதுக்கு 110 மி.கி., அதற்கு மேற்பட்ட வயதில் 350. தாண்டினால் முதலில் தெரிவது வயிற்றுப்போக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

விட்டமின் டி குறைந்திருந்தால் எலும்புக்காகவே நிரப்ப வேண்டும், ஏடிஹெச்டி குறையும் என்பதற்காக அல்ல. அன்றாடத் தேவை 600 ஐ.யூ. மருத்துவர் எழுதித் தராமல் நீங்களாகக் கொடுப்பது 4 முதல் 8 வயதில் 3000 ஐ.யூ.வையும் அதற்கு மேல் 4000 ஐ.யூ.வையும் தாண்டக் கூடாது. வாரம் ஒரு முறை போட வேண்டிய உயர் அளவு மாத்திரையைத் தினமும் போட்டுவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. பாட்டிலின் மேல் கிழமையை எழுதி ஒட்டிவிடுங்கள்.

9. பல சத்துக் கலவைகள்

முப்பதுக்கும் மேற்பட்ட விட்டமின், தாது சேர்ந்த கலவையை வைத்து இரண்டு நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நியூசிலாந்தில் 2018இல் 93 குழந்தைகள், 10 வாரம். மருத்துவர் மதிப்பீட்டில் 47 சதவீதத்தினர் தேறினார்கள், வெற்று மாத்திரையில் 28. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் 135 குழந்தைகள், 8 வாரம். கலவையில் 54 சதவீதம், வெற்று மாத்திரையில் 18. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெற்றோர் நிரப்பிய ஏடிஹெச்டி மதிப்பெண்ணில் இரண்டு ஆய்விலும் இரு குழுவுக்கும் வித்தியாசமில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்ட குழந்தைகளும் அதே அளவு தேறியதாகத்தான் பெற்றோர் எழுதினார்கள். கோபம், எரிச்சல் போன்றவற்றில்தான் ஓரளவு பலன் இருந்திருக்கலாம்.

நடைமுறைச் சிக்கல், நாளுக்கு 9 முதல் 12 மாத்திரை. காலை, மதியம், மாலை என்று பிரித்து விழுங்க வேண்டும். அந்த வேலைக்கே ஒரு பெரியவர் வேண்டும். கடையில் கிடைக்கும் "தினம் ஒன்று" விட்டமின் மாத்திரை அந்தக் கலவை அல்ல. அதைக் கொடுத்துவிட்டு இந்த ஆய்வின் பலனை எதிர்பார்க்க முடியாது.

10. ஒதுக்கிவைக்க வேண்டியவை

அளவுக்கு மீறிய விட்டமின்கள்: 1984இலேயே சோதித்துப் பார்த்தார்கள். நடத்தை மேம்படவில்லை, பல குழந்தைகளுக்குக் கல்லீரல் நொதிகள் ஏறின. பி6 மாதக்கணக்கில் அதிகமானால் கை கால் நரம்பு மரத்துப்போகும்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை: 2008இல் 54 குழந்தைகளிடம் 8 வாரம், பலன் இல்லை. ஆனால் வேறு பல மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் குணம் அதற்கு உண்டு. நீர்ப்பிரம்மிச் சாறு: 2022இல் வெளியான ஆய்வில் சிறுவர்களுக்கு 14 வாரம் கொடுத்தும் ஏடிஹெச்டி அறிகுறிகளில் தெளிவான முன்னேற்றம் இல்லை. மூலிகை என்பதால் பாதகமில்லை என்ற நினைப்போடு வாங்கும் பொடிகளில் ஈயம் கலந்திருக்கும் அபாயமும் உண்டு. கவனத்தைக் கெடுப்பதில் ஈயத்தை மிஞ்ச ஆளில்லை.

"ஃபோகஸ்" என்று பெயர் போட்ட கலவைகளில் காஃபின் இருக்கிறதா என்று பாருங்கள். வண்ண வண்ண மெல்லும் மாத்திரைகளில் செயற்கை நிறமி இருக்கிறதா என்றும் பாருங்கள். சில குழந்தைகளுக்கு அந்த நிறமிகளே துடிப்பைக் கூட்டும். பிரிட்டனில் 2007இல் நடந்த ஆய்வுக்குப் பிறகு, ஆறு நிறமிகளில் ஏதாவது ஒன்று சேர்ந்த உணவுகளில் எச்சரிக்கை வாசகத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டாயமாக்கியது. ஏடிஹெச்டிக்கு வாங்கும் டப்பாவிலேயே அந்த நிறமி இருப்பது வேடிக்கையான நிலைமைதான்.

தூக்கத்துக்காக மெலடோனின் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2023இல் மெல்லும் வகை 25ஐப் பரிசோதித்தபோது 22இல் டப்பாவில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை, இன்னொன்றில் எழுதியதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். எந்தச் சத்து மாத்திரையானாலும், யூஎஸ்பி, என்எஸ்எஃப் போல வெளி ஆய்வகம் சோதித்த முத்திரை உள்ளதை எடுங்கள்.

11. குழந்தை ஏற்கெனவே மருந்து சாப்பிட்டால்

சோதனைக்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏடிஹெச்டிக்குத் தரும் குவான்ஃபசின், குளோனிடின் இரண்டையும் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். மற்றவற்றில் அப்படி நேராவிட்டாலும், மருந்தை எடுத்ததும் மாத்திரையைத் தொடங்கியதும் ஒரே வாரம் என்றால் உங்கள் மதிப்பெண் தாள் எதையுமே சொல்லாது.

ஆம்ஃபெடமைன் வகை சாப்பிடும் குழந்தைக்கு விட்டமின் சி மாத்திரையையும் புளிப்புப் பழச்சாறையும் மருந்தின் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். அமிலம் மருந்தின் உறிஞ்சுதலைக் குறைக்கும். அமில முறிவு மருந்துகள் எதிர்மாறாக அதன் அளவைக் கூட்டும். இரும்புக்காகப் பழச்சாறு கொடுப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மருந்து காலையில் என்றால் இரும்பை மாலைக்கு மாற்றிவிடுங்கள். இரும்பும் துத்தநாகமும், இரும்பும் கால்சியமும் ஒன்றோடொன்று போட்டியிடும், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

கொடுப்பது எல்லாவற்றின் பின்பக்கத்தையும் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். "ஏதோ விட்டமின்" என்று வாயால் சொன்னால் அவரால் எதையும் சரிபார்க்க முடியாது.

12. பதினெட்டு வார நாட்காட்டி

1, 2ஆம் வாரம்: எதுவும் கொடுக்காமல் அளவு. 3 முதல் 14 வரை: தேர்ந்தெடுத்த ஒன்று, முழு அளவில் (ஒமேகா-3 என்றால் முதல் வாரம் மட்டும் ஏற்றிக்கொண்டே). 15 முதல் 18 வரை: நிறுத்திவிட்டு அளவு.

பன்னிரண்டு வாரம் ஏன்? கொழுப்பு அமிலம் செல் சவ்வில் சேரவும், இரும்புச் சேமிப்பு நிரம்பவும் அவ்வளவு காலம் ஆகும். மூன்றாம் வாரத்தில் "ஆளே மாறிவிட்டான்" என்று தோன்றினால் சந்தோஷப்படுங்கள், ஆனால் எழுதுவதை நிறுத்தாதீர்கள். அது பெரும்பாலும் எதிர்பார்ப்பின் வேலை. விட்டுப்போன நாட்களையும் குறியுங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் அந்த வாரத்தைச் சோதனையில் சேர்க்க வேண்டாம், கடைசியில் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

14ஆம் வாரம் கணக்குப் போடுங்கள். மருந்தாய்வுகளில் 25 முதல் 30 சதவீதக் குறைவைப் பலன் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆசிரியரின் கவனக்குறைவு மதிப்பெண் தொடக்கத்தில் 20 என்றால் 14 அல்லது 15க்கு வர வேண்டும். 18 என்பது சாதாரண ஏற்ற இறக்கம். வீட்டுத் தாளில் மட்டும் இறங்கி பள்ளித் தாளில் இறங்காவிட்டால் பள்ளித் தாளையே நம்புங்கள். அதை நிரப்பியவருக்கு நீங்கள் செலவழித்த பணம் தெரியாது.

பலன் தெரிந்தாலும் நான்கு வாரம் நிறுத்திப் பார்க்க வேண்டும் (குறைவுக்காகக் கொடுக்கும் இரும்பும் விட்டமின் டியும் தவிர). பெரும்பாலான பெற்றோர் இதற்குப் பயப்படுவார்கள். ஆனால் இந்த நான்கு மாதத்தில் குழந்தை வளர்ந்திருக்கிறது, ஆசிரியரோடு பழகியிருக்கிறது, பயிற்சியும் நடந்திருக்கிறது. நிறுத்தியும் மதிப்பெண் ஏறாவிட்டால் அந்த முன்னேற்றம் மாத்திரையால் வந்ததல்ல. ஏறினால், மறுபடி தொடங்கும்போது ஏன் கொடுக்கிறீர்கள் என்பதற்கு உங்களிடம் காரணம் இருக்கும்.

13. பதினெட்டு வாரம் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

பள்ளியை விட்டு அனுப்பிவிடும் நிலை, சாலையில் பாய்வது போன்ற ஆபத்தான செயல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, "நான் முட்டாள், யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை" என்று குழந்தை ஓயாமல் சொல்வது: இவற்றில் ஏதாவது இருந்தால் சோதனையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். படை, முகவீக்கம், மஞ்சள் கண், விடாத வாந்தி வந்தால் மாத்திரையையும் நிறுத்துங்கள்.

போகும்போது அதுவரை நிரப்பிய வாரத் தாள்கள், ரத்த அறிக்கை, டப்பாக்களின் படங்கள் மூன்றையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். சோதனை பலிக்காமல் போயிருந்தாலும் தொடக்க அளவு தயாராக இருக்கிறது. மருத்துவர் மருந்து தொடங்கினால் அளவை ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் அவர் கேட்கப்போவது இதே தாள்களைத்தான்.